அரக்கில் பிடித்த குருந்தம்

தேர்ச் சிற்பத்துக்கு இலுப்பைதான் எடுப்போம். கனமான மரம், நெருக்கமான இழை. மழுங்கின உளியை வைத்தால் வெட்டாமல் பிய்க்கும். யாளியின் பிடரியில் ஒருமுறை பிசிறு எழும்பிவிட்டால் எந்த உப்புத்தாளாலும் அதை மறைக்க முடியாது. திருவண்ணாமலையில் மூன்று தலைமுறையாக இந்த வேலை பார்க்கிற குடும்பம் எங்களுடையது. தேர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மரத்தையும் மன்னரையும் சொல்லிவிட்டுச் சாணைக்கல்லை விட்டுவிடுவது எனக்குத் தாங்கவில்லை.

மலையடியில் இருப்பவர்களுக்குக் கல்லுக்கா பஞ்சம் என்பார்கள். நம் கருங்கல்லில் அரிவாள் தீட்டலாம், உளிக்கு ஆகாது. கெட்டி மணியும் மெது மணியும் கலந்து கிடப்பதால் உளியின் வாயில் கோடு விழும். பனையேறிகள் வெங்கச்சங்கல்லைப் பொடித்து மரப்பலகையில் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவார்கள். ஒரே மணி, அதனால் அலகு சீராக வரும். ஆனால் மெதுவான வேலை.

இரும்பை விரைவாகத் தின்பது குருந்தம். கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் வைரம் 10, குருந்தம் 9, வெங்கச்சங்கல் 7. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குருந்தம் மண்ணிலேயே கிடைக்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் மணி செய்த பட்டறைகளும் அகழாய்வில் வெளிப்பட்டன. அங்கே மணியாகத் தேய்த்த நீலக்கல்லும் குருந்த இனம்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பும் குருந்தமும் ஒரே ஊரில் புழங்கியிருக்கின்றன!

சாணைக்காரர்கள் குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து வட்டாக வார்ப்பார்கள். மேல்மணி மழுங்க மழுங்க அரக்கும் தேய்ந்து புதுமணி தலைகாட்டும். அரக்கு சூட்டில் இளகும் என்பதால் அழுத்திப் பிடிக்க முடியாது. அது குறைதான், ஆனால் உளிக்கு நன்மை. சூடேறி வாய் நீலம் பாய்ந்து பதம் இறங்காது. தாத்தா கடைசிவரை அரக்குச் சாணையை விடவில்லை.

1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் களிமண்ணையும் கல்கரியையும் மின்சாரத்தில் காய்ச்சி, குருந்தத்தையும் விஞ்சும் கார்போரண்டத்தைக் கண்டார். 1954இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது, ஆலை திருவொற்றியூரில். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்று கார்போரண்டக் கட்டிக்கல் வீட்டுக்கு வந்தது அப்பா காலத்தில்.

தட்டை உளிக்கு அதைவிட நல்ல கல் வேண்டாம். ஆனால் தேர் வேலையில் பாதிக்குமேல் குழி உளி. அதைக் கட்டிக்கல்லில் தேய்த்தால் கல்லில் பள்ளம் விழும், பிறகு தட்டை உளியும் அதில் கெடும். அப்பா தேய்ந்த கல்லை உடைத்து, கடப்பைக் கல்மேல் மணலும் தண்ணீரும் விட்டு உரசி, ஒவ்வொரு குழி உளியின் வளைவுக்கும் ஒரு குச்சிக்கல் செய்து வைத்தார். உட்புறப் பிசிறை எடுக்க இன்றும் அவைதான்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து வரும் பையன்கள் 1000, 6000 என்று எண் போட்ட ஜப்பான் தண்ணீர்க்கல்லைக் காட்டி, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எண் ஏற ஏற மணி நைசு. 1000 வாங்கு, 6000 பிறகு பார்க்கலாம், முதலில் உன் குழி உளிகளுக்குக் குச்சிக்கல் செய்துகொள் என்பேன்.