புன்னை

புன்னை, கடற்கரை மணலில் இயல்பாக வளர்ந்து, ஆண்டு முழுவதும் பசுமை குன்றாது நின்று, மணமுள்ள வெண்மலர்களைத் தரும் விருட்சமாகும். காலோபில்லம் இனோபில்லம் என்னும் அதன் தாவர நூற்பெயர் 1753இல் லின்னேயஸ் இட்டது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தாகித்தித் தீவு வரை இம்மரம் பரவியிருப்பதற்கு முக்கிய காரணம், உப்புநீரில் மிதந்து சென்று ஒதுங்கிய இடத்தில் முளைக்கவல்ல அதன் காயே. ஆகவே சங்கப் புலவர்கள் இதனை நெய்தல் நிலத்துக்கு உரித்தாக்கியதிலும், கடலடுத்த மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் இது ஸ்தல விருட்சமாக விளங்குவதிலும் வியப்பில்லை.

வியப்புக்குரியது ஸ்ரீரங்கத்துப் புன்னை. கடலுக்கு 80 கிலோமீட்டருக்கும் அப்பால், காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவில், அரங்கநாதர் ஆலயத்தினுள்ளே வட்ட வடிவமான சந்திர புஷ்கரிணியின் கரையில் இது ஸ்தல விருட்சமாக நிற்கிறது. அதே தீவிலுள்ள திருவானைக்காவின் ஸ்தல விருட்சம் வெண்ணாவல். நாவல் ஆற்றங்கரைக்குப் பழகிய மரமாதலால் அங்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஸ்ரீரங்கத்துப் புன்னைக்கோ, கூரத்தாழ்வானின் திருக்குமாரரான பராசர பட்டரே தம் ஸ்ரீரங்கராஜஸ்தவத்தில் சிறப்புக் கூறியிருக்கிறார்: இடையறாது திருவாய்மொழியால் நனைக்கப்பட்டதனாலன்றோ இதற்கு அத்திவ்விய பரிமளம் வாய்த்தது என்பது அவர் கருத்து. ஆசாரியர்கள் இதன் நிழலில் அமர்ந்து அருளிச்செயலுக்குப் பொருள் விரித்தனர் என்பது ஐதிகம். பரிமளத்துக்குப் பட்டர் கூறும் காரணத்தைத் தாவர சாஸ்திரம் ஏற்காது. எனினும் உப்புக்காற்றுக்குரிய மரம் ஆற்று வண்டலில் தழைத்திருப்பதைக் கண்டவர் பட்டரின் வாக்கை அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டார்.

இலை தடித்துப் பளபளப்பது. நடுநரம்பிலிருந்து இருபுறமும் பக்க நரம்புகள் பாவிழைபோல் நெருங்கி இணையாக ஓடும். வெள்ளிதழ்களின் நடுவே பொன்னிறக் கேசரங்கள் செறிந்திருக்க, அவற்றை விலக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பான உருண்டைச் சூலகம் தெரியும்.

ஔஷத மதிப்பு பெரிதும் விதைக்கே உரியது. புதுப் பருப்பில் எண்ணெய் அதிகம் இராது. வாரக்கணக்கில் உலர்த்திப் பழுப்பேறிப் பிசுபிசுத்த பின்னரே செக்கிலிட வேண்டும். கரும்பச்சை நிறமும் கடுமணமும் உடைய அவ்வெண்ணெயைக் கீல்வாதத்துக்கும் சொறி சிரங்குக்கும் மேற்பூச்சாக இடுவர், உட்கொள்ளலாகாது. பட்டைக் கஷாயத்தால் புண்களைக் கழுவுவதும் உண்டு. முற்காலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்ட இவ்வெண்ணெயைக் கொண்டு, இன்று நாகப்பட்டினக் கரையோர விவசாயிகள் சிலர் பம்புசெட்டு ஓட்டுகின்றனர்.