செத்தல் மிளகாயும் ஐந்தாண்டுத் திட்டமும்

யாழ்ப்பாணக் கமக்காரனின் பொற்காலம் எதுவென எம்மவருள் மூத்தோரைக் கேட்டால், பெரும்பாலோர் 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளையே சுட்டுவர். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியை வேறெதற்காகவும் மெச்சாதவர்கூட இதனை மறுப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைக் கொணர்ந்த அதே அரசின் கீழ் எமது கிராமங்கள் செழித்தமை எங்ஙனம்?

காரணம் கொழும்புத் திறைசேரியின் வறுமையேயாகும். அரிசி, மா, மிளகாய் என அனைத்தையும் கப்பலில் எதிர்பார்த்திருந்த நாட்டிடம் அந்நியச் செலாவணி இருக்கவில்லை. நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேராவின் காலத்தில் 1972–1976 ஐந்தாண்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உருளைக்கிழங்கு, வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதிக்குக் கதவடைக்கப்பட்டது.

ஆறில்லாத குடாநாடு அது. சுண்ணக்கற் பாறையின் அடியிலுள்ள நன்னீரைத் துலா மிதித்து இறைத்தவர்களின் பிள்ளைகள், மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தால் இறைத்தனர். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்துப் பண்படுத்திய செம்மண் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர்த் தோட்டங்களின் வெங்காயம் லொறி லொறியாகக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போயிற்று. நிலம் போதாத இளைஞர் வன்னிக்குச் சென்று விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் நட்டனர். கல்வீடுகள் எழுந்தன. சீதனத் தொகைகளும் உயர்ந்தன என்பதையும் இங்கு சொல்லியாகவேண்டும். காணியற்ற கூலியாளுக்கு இச்செழிப்பில் கிடைத்த பங்கு சிறிதே. அரிசி கொண்டுசெல்வதற்குக்கூடத் தடையிருந்த அந்நாளில், பாணுக்கு வரிசையில் நின்றோரின் நினைவும் வேறாகவே இருக்கும்.

ஆயினும் இச்செழிப்பைத் திட்டமிட்டவர் எவருமிலர். செலாவணியைச் சேமிக்க முனைந்தார்கள். அதன் பக்கவிளைவாகவே எமது கமக்காரனுக்கு விலை கிடைத்தது. கிராமத்தின் குரலைத் திட்டத்திற் சேர்க்கும் ஏற்பாடுகள் ஏட்டில் இல்லாமலில்லை. 1971இல் பிரதேச அபிவிருத்திச் சபைகள் தொடங்கப்பட்டன. கிராம மட்டத்துச் சங்கங்கள் கூடித் தத்தம் பகுதிக்குரிய கமத்தொழில், கைத்தொழில் முயற்சிகளை முன்மொழிய வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் அதே அரசுதான், 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின்கீழ்க் கமக்காரரே வாக்களித்துத் தெரிந்த பயிர்ச்செய்கைக் குழுக்களை ஒழித்து, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நியமனக் குழுக்களை அமர்த்தியது. நியமனம் பெற்றவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. கிராமத்திற்கென அமைந்த நாற்காலியில் கட்சியின் ஆள் அமர்ந்தார்.

கேளாமல் வந்தது கேளாமலே போயிற்று. 1977 ஜூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்தனா வென்றார், அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்துடன் திறந்த பொருளாதாரம் வந்தது. வெங்காயமும் மிளகாயும் மீண்டும் கப்பலேறி வந்தன, விலை சரிந்தது. இறக்குமதியை எப்போது, எவ்வளவு அனுமதிப்பது என்பது பற்றி அறுவடைக்காரனிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கடன்பட்டு இயந்திரம் வாங்கியவர்களின் பாடு சொல்லுந்தரமன்று. வடக்கின் இளைஞர் அமைதியிழந்தமைக்குத் தரப்படுத்தலையும் வன்செயல்களையும் எழுதுவோர், சரிந்த இந்த மிளகாய் விலையையும் சேர்த்து எழுதுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

பின்னர் 1980இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. பெயர் ஒற்றுமையால் இவற்றை 1971ஆம் ஆண்டுச் சபைகளோடு மயங்குவோர் உளர்; இவை வேறு. தேர்தல் 1981 ஜூன் 4ஆம் நாள் நடந்தது. அதற்குச் சில நாள் முன்னர், அத்தேர்தலுக்கெனக் குவிக்கப்பட்ட பொலிஸார் யாழ்ப்பாணத்தில் நின்ற வேளையில், ஏறக்குறைய 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிந்தது. தேர்தல் முடிந்து சபையும் அமைந்தது. நிதியும் அதிகாரமும் கொழும்பிலேயே தங்கிவிட்டன. வெங்காய இறக்குமதி பற்றிப் பேசும் உரிமை அச்சபைக்கு ஒருநாளேனும் இருந்ததில்லை.