முதல்வரே தோற்ற பர்கூர்: "ஜெயிக்கப் போறது யாருன்னு தெரிஞ்சு போச்சு" என்பது எவ்வளவு உண்மை?

"எப்படியும் அவங்கதான் மறுபடி வரப் போறாங்க. நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது?"

ஆளுங்கட்சி பலமாகத் தெரியும் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் இந்தப் பேச்சு தவறாமல் வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரம், காட்டை ஒட்டி இருக்கும் அஞ்செட்டியில் இது வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்ப்பவர்கள் ஓட்டுப் போட ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் செலவையும் கணக்குப் பார்த்துத்தான் ஊருக்கு வர வேண்டும். முடிவு முன்பே தெரிந்துவிட்டது என்றால் எதற்காக வர வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இதே மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

பர்கூரில் என்ன நடந்தது?

முதலில் ஒரு விளக்கம். இது ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலை இல்லை. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே இருக்கும் பர்கூர். அன்றைக்கு இது ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்தான்.

1991 தேர்தலில் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் என இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் ஜெயித்தார். பர்கூரில் அவரை எதிர்த்து நின்றவர் டி.ராஜேந்தர். வித்தியாசம் 37,215 ஓட்டு. காங்கேயத்தை விட்டுக்கொடுத்து பர்கூரை வைத்துக்கொண்டார், முதல்வரும் ஆனார். மாநிலம் முழுக்க அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு 225 இடம். திமுகவுக்குக் கிடைத்தது வெறும் 2.

ஐந்தே வருடத்தில் காட்சி மாறியது. அதிமுகவுடன் மறுபடி கூட்டணி என்று காங்கிரஸ் மேலிடம் முடிவெடுக்க, மூப்பனார் பிரிந்து தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கி திமுகவுடன் சேர்ந்தார். ரஜினிகாந்த் அந்தக் கூட்டணிக்கு ஆதரவு கொடுத்தார். 1995ல் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரமும் மக்கள் மனதில் இருந்தது.

ஆனாலும், மாநிலத்தில் எதிர்ப்பு இருப்பது வேறு, முதல்வர் சொந்தத் தொகுதியில் தோற்பது வேறு. 37 ஆயிரம் ஓட்டு வித்தியாசம் என்பது லேசில் கரையக் கூடியது இல்லை. அது கரைந்தது. 1996ல் திமுகவின் இ.ஜி.சுகவனம் 59,148 ஓட்டு வாங்கினார், ஜெயலலிதா 50,782. வித்தியாசம் 8,366. மாநிலம் முழுக்க அதிமுகவுக்குக் கிடைத்தது 4 இடம்தான்.

பதவியில் இருக்கும் முதல்வர் தோற்றது அதுவே முதல் முறையும் இல்லை. 1967ல் முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அதே தேர்தலில் காமராஜர் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். காமராஜரை வீழ்த்தியவர் மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசன்.

அலை அடித்தால் எல்லாரும் ஓட்டை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். 1991ல் 2 இடம் பெற்ற திமுக வாங்கிய ஓட்டு ஏறக்குறைய 22 சதவீதம். 1996ல் 4 இடம் பெற்ற அதிமுக வாங்கியது 21 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது சுத்தமாகத் துடைத்தெறியப்பட்டதாகச் சொல்லப்பட்ட கட்சிக்கும் ஐந்தில் ஒருவர் ஓட்டுப் போட்டிருக்கிறார்.

காரணம் நம் தேர்தல் முறை. மாநிலத்துக்கு ஒரே தேர்தல் நடப்பதில்லை, 234 தனித்தனி தேர்தல்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அவர்தான் எம்.எல்.ஏ. அதனால் ஓட்டு சதவீதத்தில் வரும் மாற்றம், இடங்களின் எண்ணிக்கையில் பல மடங்காகத் தெரியும். 2016ல் ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்தபோது இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் வித்தியாசம். எம்ஜிஆர் ஆட்சியைத் தக்கவைத்த 1984க்குப் பிறகு, 32 வருடம் கழித்து ஒரு ஆளுங்கட்சி மறுபடி ஜெயித்ததும் அந்தத் தேர்தலில்தான். நடுவில் எத்தனை ஆளுங்கட்சிகள் "நாங்கதான் மறுபடியும்" என்று சொல்லியிருக்கும்!

அஞ்செட்டி எந்தப் பக்கம்?

அஞ்செட்டி வருவது தளி தொகுதிக்குள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் பகுதி. மாநிலத்தின் போக்கை வைத்து தளியைக் கணிக்கவே முடியாது.

2001ல் அதிமுக அணி மாநிலத்தை அள்ளியது. தளியில் ஜெயித்தது திமுக கூட்டணியில் இருந்த பாஜகவின் கே.வி.முரளிதரன். 2006ல் பெரிய கூட்டணிகளைத் தாண்டி சுயேச்சையாக டி.ராமச்சந்திரன் ஜெயித்தார். அவரே 2011ல் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளராக, அதிமுக கூட்டணியில் நின்று ஜெயித்தார். 2016ல் ஆட்சி அதிமுகவுக்கு, தளி திமுகவின் ஒய்.பிரகாஷுக்கு. 2021ல் திமுக கூட்டணியில் மறுபடி ராமச்சந்திரன். ஐந்து தேர்தலில் இரண்டு முறைதான் தளி ஆட்சியைப் பிடித்த அணியோடு போயிருக்கிறது.

மாவட்டம் முழுக்கவும் ஏறக்குறைய இதே கதைதான். மொத்தம் 6 தொகுதி. 2016ல் ஆளுக்கு மூன்று, 2021லும் ஆளுக்கு மூன்று. 2021ல் திமுக அணி மாநிலத்தில் 159 இடம் பிடித்தபோது, கிருஷ்ணகிரி தொகுதியில் அதிமுகவின் அசோக்குமார் 794 ஓட்டில் ஜெயித்தார். 794 என்பது ஒரு பூத்தில் இருக்கும் மொத்த ஓட்டை விடவும் குறைவாக இருக்கலாம்.

ஓட்டுப் போக லீவு உண்டா?

உண்டு, சம்பளத்தோடு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது. தினக்கூலிக்கும் இது பொருந்தும். ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ ஏற்படும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். (ஆமாம், ஐந்நூறுதான்.)

வாக்காளர் அட்டை கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், 100 நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது உங்கள் பூத் எது, வரிசை எண் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான்.