பெயர்ப் பதிவேடும் இருப்புப் பாதையும்: விஸ்லர் குடும்பக் கடிதங்கள், ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க இருப்புப்பாதைப் பொறியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லரைப் (1800–1849) பற்றிப் பொறியியல் வரலாற்றில் நிலைத்துவிட்ட சித்திரம் ஜார்ஜ் எல். வோஸ் 1887இல் பாஸ்டனில் வெளியிட்ட சிறுநூலிலிருந்து வருகிறது. வோஸ் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர், பொறியாளர்களுக்காக எழுதினார். விஸ்லரின் பெயர் மறதியில் கரைந்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய பாலங்களையும் அறிக்கைகளையும் தேடித் தொகுத்த நன்றி அவருக்கு உண்டு. ஆனால் அந்தத் தகவல்களிலிருந்து அவர் எடுத்த முடிவை ஏற்க இயலவில்லை. வோஸின் விஸ்லர் தனி மனிதர். திறமையைக் கண்டு பணிகள் அவரைத் தேடி வருகின்றன. வீடு அவருடைய தொழிலுக்கு வெளியே இருக்கிறது. குடும்பக் கடிதங்களும் அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பெயர்ப் பதிவுகளும் இதற்கு மாறாகப் பேசுகின்றன. அமெரிக்காவின் முதல் தலைமுறை இருப்புப்பாதைத் தொழில் உறவுமுறைக்குள் வளர்ந்தது, அதன் பணியமர்த்தல் பெருமளவு வீடுகளுக்குள்ளேயே நடந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விஸ்லர் 1819இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் தேறியவர். அவருடைய முதல் மனைவி மேரி, ஜோசப் கார்ட்னர் ஸ்விஃப்டின் தங்கை. ஸ்விஃப்ட் அதே கல்லூரியின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் (1802), பின்னர் அமெரிக்க இராணுவத்தின் தலைமைப் பொறியாளர். மேரி 1827இல் இறந்தார். 1831இல் விஸ்லர் மணந்த ஆன்னா, வில்லியம் கிப்ஸ் மெக்நீலின் தங்கை. மெக்நீலும் வெஸ்ட் பாயிண்ட் பொறியாளர். 1828இல் பால்டிமோர்–ஒஹையோ நிறுவனம் இங்கிலாந்தின் இருப்புப்பாதைகளைப் பார்த்துவர அனுப்பிய குழுவில் ஜோனதன் நைட்டுடனும் விஸ்லருடனும் சென்றவர். மெக்நீலும் விஸ்லரும் சேர்ந்து செய்த பணிகளில் 1835இல் முடிந்த கேண்டன் கல் வளைவுப் பாலம் இன்றும் ரயிலைச் சுமக்கிறது. இவையெல்லாம் வோஸ் அறியாதவை அல்ல. மெக்நீலையும் ஸ்விஃப்டையும் அவர் உடன்பணியாளர்களாகவே வாசிக்கிறார். இருவரும் விஸ்லரின் மைத்துனர்கள் என்பதற்கு அவருடைய விளக்கத்தில் வேலை எதுவும் இல்லை. என் வேறுபாடு தொடங்குவது இங்கேதான்.

வோஸுக்குச் செய்ய வேண்டிய நியாயம் ஒன்று உண்டு. 1887இல் பெரும்பாலான குடும்பக் கடிதங்கள் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர் லண்டனில் வாழ்ந்த மகன், ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். அவர் மறைவுக்குப் பின் மைத்துனி ரோசலிண்ட் பிர்னி ஃபிலிப் வழியாக அவை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. இன்று அங்கு பதிப்பிக்கப்பட்டுள்ளன. ஆன்னா ரஷ்யாவில் எழுதிய நாட்குறிப்பேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. கடிதங்கள் வந்து சேர்ந்த இந்த வழியை வாசிப்பவர் மறக்கக் கூடாது. ஓவியர் பாதுகாத்தவை எஞ்சின. ஓவியரின் தாய் நிறையப் பேசுகிறார், பொறியாளரான தந்தை குறைவாகப் பேசுகிறார். வோஸின் தனி மனிதச் சித்திரம் பின்வந்தவர்களிடம் கேள்வியின்றி நீடித்ததற்கு இந்தச் சமனின்மையும் ஒரு காரணம். கடிதக் கட்டு தாயும் மகனும் சார்ந்தது என்று ஓவிய வரலாற்றாளர் அதை எடுத்துக்கொண்டார். அதில் தமக்கு எதுவும் இல்லை என்று பொறியியல் வரலாற்றாளர் விட்டுவிட்டார்.

இனி நான் அழுத்தம் தர விரும்பும் சான்றுக்கு வருகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல் நகரின் புனித ஆன் தேவாலயத்தில் 1834 நவம்பர் 9 அன்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பென்னெல் தம்பதியர் 1908இல் எழுதிய ஓவியரின் வாழ்க்கை வரலாறு அந்தப் பதிவைத் தருகிறது. குழந்தையின் பெயர் ஜேம்ஸ் அபட், பெற்றோர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர், ஆன்னா மட்டில்டா விஸ்லர், பொறுப்பேற்றவர்களும் பெற்றோரே, கையொப்பமிட்டவர் போதகர் தியோடர் எட்சன். மெக்நீல் என்ற பெயர் இதில் இல்லை. உலகம் அறிந்த ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் என்ற பெயர், தந்தை இறந்த பிறகு, 1851இல் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்ததை ஒட்டி மகன் தானே சேர்த்துக்கொண்டது. எந்த மாதத்தில், எந்தத் தாளில் முதலில் அப்படி எழுதினார் என்பதை உறுதியாக நிறுவ முடியவில்லை. பிறந்த நாளே ஜூலை 10 என்றும் 11 என்றும் இருவகையாக அச்சாகிவந்திருக்கிறது. பிறந்த ஊர் புனித பீட்டர்ஸ்பர்க் என்று அவரே 1878இல் ரஸ்கின் மீதான வழக்கில் சாட்சி சொன்னார். ஆகவே இவருடைய விவரங்களில் ஞானஸ்நானப் பதிவேடு அவர் வாய்ச்சொல்லைவிட நம்பத்தக்கது.

அந்தத் தேவாலயம் யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். லோவெல் ஆலை நகரை நடத்திய கிர்க் பூட்டின் முயற்சியில், ஆலை நிறுவனத்தின் பணத்தில் எழுந்தது அது. 1834இல் விஸ்லர் அங்கு வந்தது மெரிமாக் ஆற்றின் மதகுகளையும் கால்வாய்களையும் உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் பொறியாளராக. அந்தக் கால்வாய் நிறுவனத்தின் இயந்திரப் பட்டறையில்தான், இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டீஃபன்சன் என்ஜினை மாதிரியாகக் கொண்டு ரயில் என்ஜின்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றின் பெயர் பேட்ரிக்; பாஸ்டன்–லோவெல் பாதையின் மூலவரான பேட்ரிக் ட்ரேசி ஜாக்சனின் பெயர் அது. புரவலரின் பெயர் என்ஜினுக்கு இடப்பட்ட அதே ஊரில், அதே பத்தாண்டில், விஸ்லர் வீட்டுக் குழந்தைகளுக்கும் பெயர்கள் இடப்பட்டன.

முதல் மனைவியின் மகன் ஜோசப் ஸ்விஃப்ட் விஸ்லர். 1836இல் பிறந்தவர் வில்லியம் மெக்நீல் விஸ்லர். 1838இல் பிறந்தவர் கிர்க் பூட் விஸ்லர். ரஷ்யாவில் 1845இல் பிறந்தவர் ஜான் பூட்டாட்ஸ் விஸ்லர். மூன்று வெவ்வேறு தொழில்முனைகளின் பெயர்கள் இவை: இராணுவப் பொறியியல், ஆலை நகரம், ரஷ்ய அரசு. பூட்டாட்ஸ் என்பவர், ரஷ்யாவில் இருப்புப்பாதை அமைக்க ஜார் நிக்கோலஸ் விஸ்லருக்கு விடுத்த அழைப்பை 1842இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த அதிகாரி. அவர் பெயரின் எழுத்துக்கூட்டு ஆங்கில ஆவணங்களில் ஒருபடித்தாக இல்லை. பதவியும் ஓரிடத்தில் கேப்டன், மற்றோரிடத்தில் மேஜர். குழந்தையின் பெயர் அந்த அழைப்பைக் குடும்பம் எப்படி ஏற்றது என்பதற்கு அதிகாரபூர்வ அறிக்கை எதுவும் தராத சாட்சியம்.

இதற்கு எதிர்வாதம் வரும். பெரியவர்களின் பெயரைக் குழந்தைக்கு இடுவது அக்கால அமெரிக்காவில் பொதுவழக்கு, அதில் தொழில் எங்கே வந்தது என்று கேட்கலாம். கிர்க் பூட் 1837 ஏப்ரலில் இறந்துவிட்டார். விஸ்லரும் அவ்வாண்டே லோவெலை விட்டு ஸ்டோனிங்டன் பாதைக்குச் சென்றுவிட்டார். ஆகவே 1838இல் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரை இட்டதால் எந்த ஆதாயமும் கிடைத்திருக்க முடியாது. வெறும் முகத்துதி என்ற விளக்கத்தை இது அடைத்துவிடுகிறது. நன்றியும் உரிமையும் கலந்த ஓர் உறவை அந்தப் பெயர் வீட்டுக்குள் கொண்டுவந்தது என்றே கொள்கிறேன். ஜேம்ஸ் அபட் என்ற பெயர் மட்டும் என் வாதத்துக்கு எளிதில் வளையவில்லை. டிட்ராய்ட் வணிகரான ஜேம்ஸ் அபட், விஸ்லரின் தமக்கை சாராவின் கணவர். அவருக்கும் இருப்புப்பாதைக்கும் தொடர்பில்லை. 1841இல் பிறந்த சார்லஸ் டொனால்டின் பெயரையும் இந்த வரிசையில் சேர்க்கத் துணியவில்லை. ஆனால் பின்னாளில் ஓவியர் ஜேம்ஸே அபட்டைப் பின்தள்ளி மெக்நீலை முன்னிறுத்தினார். தாய்மாமன் பயின்ற அதே கல்லூரியின் வாசலில் இது நடந்தது என்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ரஷ்யப் பணி குறித்து வோஸ் பெருமிதத்துடன் எழுதுகிறார். அதில் நியாயம் இருக்கிறது. ரஷ்யப் பொறியாளர்கள் மெல்னிகோவும் கிராஃப்டும் 1839–40இல் அமெரிக்கப் பாதைகளைப் பார்த்துச் சென்றவர்கள். மாசசூசெட்ஸின் மேற்குப் பாதையில் விஸ்லர் மலைகளைக் கடந்த விதமே அவர்களுக்குப் போதிய சான்றாக இருந்திருக்கும். 5 அடி அகலப் பாதையை அவர் பரிந்துரைத்தார். ரஷ்யாவின் முதல் பாதையான ஜார்ஸ்கோயே செலோவின் 6 அடி கைவிடப்பட்டது. தகுதியை நான் மறுக்கவில்லை. தகுதி மட்டுமே போதுமாக இருந்தது என்ற துணிபைத்தான் மறுக்கிறேன். 1843இல் என்ஜின்களும் பெட்டிகளும் செய்யும் ஒப்பந்தம் பெற்ற ஹாரிசன், வைனன்ஸ், ஈஸ்ட்விக் கூட்டுநிறுவனத்தின் வைனன்ஸ் குடும்பத்தில் 1854இல் பெண் எடுத்தார் மூத்த மகன் ஜார்ஜ் வில்லியம் விஸ்லர், அவரும் பொறியாளரே. தந்தை இறந்த பின்னும் தொழில் அதே வாசல் வழியாகவே நடந்தது.

அந்தப் பணிக்கு வீடு கொடுத்த விலையைச் சொல்பவை ஆன்னாவின் எழுத்துகளே. கிர்க் 1842இல் இறந்தான். 1843இல் கணவரிடம் போகும் கடற்பயணத்தில் சிறுவன் சார்லஸ் இறந்தான். ஜான் ஓராண்டு கடந்ததும் மறைந்தான். 1848இல் காலரா பரவ, குடும்பம் இங்கிலாந்துக்கு ஒதுங்கியது. ஆன்னாவும் வில்லியமும் திரும்பினர். உடல்நலம் குன்றிய ஜேம்ஸ் லண்டனில் அக்காள் டெபோராவின் வீட்டில் தங்கினான். 1849 ஜனவரியில் அவன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் ஓவியனாக அனுமதி கேட்கிறான். ஓவிய வரலாறுகள் இதை ஒரு கலைஞனின் பிறப்பாகக் கொண்டாடுகின்றன. பொறியியல் வரலாற்றில் இது ஒரு தொழிற்குடும்பத்திலிருந்து விலகக் கேட்கும் விண்ணப்பம். பதினான்கு வயதுச் சிறுவன் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதே குலத்தொழில் எதிர்பார்ப்பு அங்கு இருந்ததைக் காட்டுகிறது.

நோயுற்றிருந்த தந்தை அவ்வாண்டு ஏப்ரல் 7இல் இறந்தார் என்பது வழக்கமாகத் தரப்படும் தேதி. அன்றைய ரஷ்யக் கணக்கு மேலைக் கணக்குக்கு 12 நாள் பின்னால் இருந்தது; அவர் கட்டிய பாதை திறந்த நாளும் 1851 நவம்பர் 1 என்றும் 13 என்றும் இருவகையாக எழுதப்படுகிறது. குடும்பம் சொந்த நாட்டுக் கணக்கையே பேணியிருக்கும் என்று கருதி ஏப்ரல் 7ஐ மேலைக் கணக்காகவும், ரஷ்யக் கணக்கில் மார்ச் 26 ஆகவும் கொள்கிறேன். இது ஊகமே. புனித பீட்டர்ஸ்பர்க்கில் எழுதிய கடிதங்களை வரிசைப்படுத்துவோர் ஒவ்வொன்றிலும் எந்தக் கணக்கு என்பதைத் தனியே குறிக்க வேண்டும். இல்லையேல் கடைசி மாதங்களின் நிகழ்வுவரிசை குழம்பிவிடும்.

வோஸின் நூலைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. பாலங்களுக்கும் பாதை அகலத்துக்கும் அது இன்றும் நல்ல நுழைவாயில். ஆனால் விஸ்லருக்கு வேலை எப்படி வந்தது என்ற கேள்விக்கு அதை இனி ஆதாரமாகக் காட்டக் கூடாது. அந்தக் கேள்வியோடு வருபவர் கிளாஸ்கோ பதிப்பில் ஆன்னாவின் கடிதங்களைப் பொறியியல் ஆவணங்களாகவே எண்ணி, பெயர் பெயராகப் படிக்க வேண்டும்.