நொகாராவுக்கு ஒரு பொலிக்குதிரை

பந்தயத்துக்கென்றே இங்கிலாந்தில் உருவான குதிரை இனம் தரோபிரெட். சென்னை கிண்டியில் ஓடுபவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. குட்டி இயற்கையான சேர்க்கையில் பிறந்திருந்தால்தான் இனப் பதிவேட்டில் இடம் கிடைக்கும்; செயற்கைக் கருவூட்டலை ஏற்பதில்லை. பெட்டை ஏறத்தாழ 11 மாதம் சினை சுமக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு குட்டி, அதற்கு ஒரே ஒரு தந்தை. அந்தத் தந்தையைத் தேர்ந்தெடுத்தது சரியா தவறா என்பது, குட்டி வளர்ந்து இரண்டு மூன்று வயதில் பந்தயத் திடலில் இறங்கும்போதுதான் தெரியும். அதற்குள் அதே பெட்டைக்கு மேலும் இரண்டு மூன்று குட்டிகள் பிறந்திருக்கும்.

இந்தச் சிக்கலை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் இத்தாலியின் ஃபெடரிகோ தெசியோ (1869–1954). மஜோரே ஏரிக்கரையில் டொர்மெல்லோ என்னும் பண்ணையை நடத்தினார். பெருஞ்செல்வர்களான ஆங்கிலேயப் பிரபுக்களோடு போட்டியிட அவரிடம் பணம் இல்லை. விலை குறைந்த பெட்டைகளை வாங்கி, அவற்றுக்குப் பொருத்தமான பொலிக்குதிரையைத் தேடி எல்லை தாண்டி அனுப்புவதே அவர் வழக்கம். 1915இல், போர்க்காலத்தில், நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்நிப் என்ற பெட்டையை 75 கின்னிக்கு வாங்கினார். அதன் மகள்தான் நொகாரா.

நொகாரா 1931இல் 1600 மீட்டர் தூரமுள்ள இரண்டு முக்கிய இத்தாலியப் பந்தயங்களை வென்றது. வேகம் இருந்தது, ஆனால் பெரும் பரிசுகள் 2400 மீட்டருக்கும் அதற்கு மேலும் ஓடும் குதிரைகளுக்கே கிடைத்தன. எனவே நெடுந்தூரம் தாங்கும் ஒரு தந்தையைத் தெசியோ தேடினார். அவர் கண் வைத்தது, 1928இல் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற ஃபேர்வே மீது. ஆனால் 1934ஆம் ஆண்டுக்கு ஃபேர்வேயிடம் இடம் காலியாக இல்லை. அதன் உடன்பிறந்த அண்ணன் ஃபாரோஸ் பிரான்சில் இருந்தது. தாயும் தந்தையும் ஒன்றே. ஆனால் பந்தய வரலாறு வேறு: 1923 டெர்பியில் இரண்டாம் இடம், மறு ஆண்டு 2000 மீட்டர் சாம்பியன் ஸ்டேக்ஸில் வெற்றி. நெடுந்தூரக் குதிரை என்று யாரும் அதைச் சொல்லவில்லை. தெசியோ நொகாராவை அங்கே அனுப்பினார்.

1935 ஜனவரி 24இல் பிறந்த குட்டிக்கு நெயார்கோ என்று பெயரிட்டார்கள். 14 பந்தயங்கள் ஓடியது; 14இலும் வென்றது. கடைசிப் பந்தயம் 1938 ஜூனில் பாரிஸில் நடந்த 3000 மீட்டர் கிராண்ட் பிரீ. அவ்வாண்டு ஆங்கில டெர்பியை வென்ற குதிரையும் பிரெஞ்சு டெர்பியை வென்ற குதிரையும் அதன் பின்னால்தான் வந்தன. சில நாள்களிலேயே 60,000 பவுனுக்கு இங்கிலாந்துக்கு விற்கப்பட்டது. போர் வந்தபோது நியூமார்க்கெட் பண்ணையில் அதற்கென்று குண்டுவீச்சுப் பதுங்கிடம் கட்டினார்கள்.

இந்தத் தேர்வில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தெசியோ கேட்ட கேள்வி ‘எது நல்ல பொலிக்குதிரை’ என்பதல்ல. ‘இந்தப் பெட்டைக்கு எது குறைகிறது’ என்பதே. அண்ணனும் தம்பியும் ஒரே வம்சம் என்பதால், பந்தயப் பதிவில் தெரியாத ஒன்று ஃபாரோஸின் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்று பந்தயம் வைத்தார். நொகாரா, செயின்ட் சைமன் என்ற மாபெரும் பொலிக்குதிரையின் பேரனுக்குப் பிறந்தது. ஃபாரோஸின் தாயோ செயின்ட் சைமனின் மகனுக்குப் பிறந்தது. இருபுறமும் அந்த மூதாதை இருந்தது தற்செயல் அல்ல. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஃபேர்வேயிடம் இடம் கிடைத்திருந்தால் நெயார்கோவே பிறந்திருக்காது.

தெசியோவுக்கு முன்பே எண்களை நம்பியவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியரான புரூஸ் லோ, பெட்டைகளின் தாய்வழிக் குடும்பங்களை இங்கிலாந்தின் டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் வெற்றிகளைக் கொண்டு 1 முதல் 43 வரை வரிசைப்படுத்தினார். அவர் இறந்தபின் 1895இல் நூல் வெளிவந்தது. வளர்ப்பவர் பலர் அதை வேதமாகக் கொண்டனர். அதன் ஓட்டை எளிது: முதல் எண் குடும்பத்தில் பெட்டைகளே அதிகம், ஆகவே வெற்றிகளும் அதிகம். எத்தனையில் எத்தனை என்று அவர் கேட்கவில்லை. மாடு பிடிப்பவர் சுழி பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இன்று அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. பிறந்த குட்டிகளில் பெரும்பந்தயம் வென்றவை எத்தனை விழுக்காடு? அதைவிடக் கூர்மையான கேள்வி, அதே பெட்டைகள் வேறு பொலிக்குதிரைகளுக்குப் பெற்ற குட்டிகள் எப்படி ஓடின? புகழ்பெற்ற பொலிக்குதிரையிடம் சிறந்த பெட்டைகளே அனுப்பப்படுவதால், இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் தாயின் பெருமை தந்தையின் கணக்கில் ஏறிவிடும். ‘தாயைப் போல பிள்ளை’ என்பது குதிரை லாயத்திலும் பொய்யல்ல. ஆனால் முதல் குட்டிகள் ஓடும்வரை இந்தக் கணக்குக்கு வழியில்லை. புதிதாக ஓய்வுபெற்ற பொலிக்குதிரைக்குக் கட்டணம் செலுத்துபவர் அதன் ஓட்டம், வம்சாவளி, கால் அமைப்பு ஆகியவற்றை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றும் ஏமாற்றும். 1973இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட்டின் பங்குகள், மும்முடிக்கு முன்பே, மொத்தம் 60.8 லட்சம் டாலர் மதிப்பில் விற்கப்பட்டிருந்தன. மகன்களில் தந்தையை ஒத்தது ஒன்றும் இல்லை என்று வாங்கியவர்கள் குறைபட்டார்கள். பிற்பாடு அதன் மகள்களுக்குப் பிறந்த ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி இரண்டும் அமெரிக்காவின் முன்னணிப் பொலிக்குதிரைகளாயின.

நெயார்கோவின் மகன் நெயார்க்டிக் கனடாவில் வளர்ந்தது. அதற்கு 1961 மே 27இல் ஒரு குட்டி பிறந்தது. வடக்கு அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட் குதிரைகளுக்கும் ஜனவரி 1ஆம் தேதியே வயது கூடுவதால், மே மாதக் குட்டி தன் வகுப்பில் எப்போதும் இளையது. குள்ளமாக, கட்டுக்குட்டாக இருந்த அதை ஒரு வயதில் உரிமையாளர் 25,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார். வந்து பார்த்தவர்கள் வாங்காமல் போனார்கள். நார்தர்ன் டான்சர் என்ற அந்தக் குதிரை 1964இல் கென்டக்கி டெர்பியை வென்றது. 1980களில் அதனுடன் ஒரு பெட்டையைச் சேர்க்கும் கட்டணம் பத்து லட்சம் டாலர் வரை ஏறியது, அதுவும் சினை பிடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல்.