முதல் வகுப்பின் வாசலில்

நாம் பணிபுரியும் கல்லூரிக்கு ஆண்டுதோறும் வினாத்தாள்கள் வருவதுண்டு. மாணவர்களின் உறக்கம், தேர்வு அச்சம், மனச்சோர்வு என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருப்பார்கள். பாடத்தை நிறுத்திவிட்டு நிரப்பிக் கொடுப்போம். வாங்கிச் சென்றவர்கள் என்ன கண்டார்கள் என்பது நம் செவிக்கு எட்டுவதேயில்லை. அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து நிற்கையில் நம் முகத்தில் ஒரு சலிப்பு படர்ந்துவிடுகிறது.

பள்ளிகளின் நிலையும் இதுதான். குழந்தைகளின் மனநலத்துக்கென வகுக்கப்படும் திட்டம் உண்மையில் பயன் தருகிறதா என்றறிய ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பள்ளி வேண்டும்; அதுவும் ஆண்டுக்கணக்கில் வேண்டும். சலித்துப்போன பள்ளியை எப்படி உடன் நிறுத்துவது? சிகாகோ நகரின் உட்லான் பகுதி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கொரு விடை கண்டது.

1960களில் உட்லானில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வறுமை மிகுந்த பகுதி. அண்டையிலிருந்த சிகாகோ பல்கலைக்கழகம் தன் எல்லையை அங்கே விரிக்க முனைந்ததை எதிர்த்து அம்மக்கள் அமைப்பாகத் திரண்டிருந்தனர். 1963 அக்டோபர் 22 அன்று, பள்ளிகளில் நிலவிய இனப் பாகுபாட்டைக் கண்டித்து நகரெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தனர். படித்தவர்கள் மீதும் பள்ளி நிர்வாகத்தின் மீதும் ஒருசேர ஐயம் கவிந்திருந்த அக்காலத்தில்தான் மனநல மருத்துவர் ஷெப்பர்ட் கெல்லமும் அவர்தம் தோழர்களும் அங்கே ஒரு மனநல மையத்தைத் தொடங்கினர்.

அவர்கள் வினாத்தாளுடன் பள்ளிக்குள் நுழையவில்லை. அப்பகுதி அமைப்புகளின் பேராளர்களைக் கொண்ட குழு ஒன்றோடு அமர்ந்து, எது முதலில் என்று கேட்டனர். குழந்தைகள் என்பது விடை. எல்லாக் குழந்தைகளும் கடந்தாக வேண்டிய வாசல் முதல் வகுப்பு. ஆகவே அங்கே தொடங்கினர். வகுப்பு தன்னிடம் எதிர்பார்ப்பதைக் குழந்தை எவ்வளவு நிறைவேற்றுகிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்தனர். ஆசிரியர் இங்கே வெறும் தகவலாளர் அல்லர். அவருடைய கணிப்பே ஆய்வின் அளவுகோலாயிற்று.

1966-67இல் முதல் வகுப்பில் இருந்த 1,242 குழந்தைகளின் வாழ்க்கை பின்தொடரப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பின் 939 தாய்மாரை மீண்டும் சந்திக்க முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் உட்லானில் வீடுகள் தீக்கிரையாகி, மக்கள் பெருமளவில் வெளியேறியிருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால் அந்த எண்ணின் அருமை புலப்படும். நாற்பத்திரண்டு வயதிலும் 833 பேர் ஆய்வாளரோடு அமர்ந்து பேசினர். முதல் வகுப்பில் முரட்டுத்தனம் காட்டிய சிறுவர்களிடையே பதின்பருவத்தில் போதைப்பழக்கம் மிகுந்திருந்தது என்பது இந்த நீண்ட உறவால் தெரியவந்த செய்தி.

பின்னர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கெல்லம், 1985இல் அந்நகரப் பள்ளி நிர்வாகத்தோடு இணைந்து மற்றோர் ஆய்வைத் தொடங்கினார். 19 பள்ளிகள், 41 முதல் வகுப்புகள். சில வகுப்புகளில் ‘நன்னடத்தை விளையாட்டு’ நடந்தது: வகுப்பு குழுக்களாகப் பிரியும், விதிமீறல் குறிப்பிட்ட அளவைத் தாண்டாத குழுவுக்குப் பரிசு, எல்லாக் குழுக்களும் வெல்லலாம். வேறு சில வகுப்புகளில் வழக்கமான பாடம் மட்டுமே. எந்த வகுப்புக்கு எது என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது.

பள்ளியை இழக்கும் இடம் இதுதான். ‘எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?’ என்று ஓர் ஆசிரியை கேட்டால் நேர்மையான விடை ஒன்றே உண்டு: இது பயன் தருமா என்று நமக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவே உங்கள் வகுப்பும் வேண்டும். அறியாமையை ஒப்புக்கொள்ளும் இந்தச் சொல்லை முன்பின் அறியாத ஒருவர் சொன்னால் யார் நம்புவார்?

பால்டிமோர்ப் பிள்ளைகள் 19 முதல் 21 வயதை எட்டியபோது எடுத்த கணக்கு 2008இல் வெளியாயிற்று. முதல் வகுப்பில் முரடர்களாய் இருந்த சிறுவர்களுள், அந்த விளையாட்டை ஆடியோரிடையே போதைக்கு ஆட்பட்டோர் குறைவு. ஆறு வயதில் ஆடிய ஆட்டத்தின் பயனை அறிய இருபதாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அனுமதிக் கடிதம் பள்ளிக் கதவை ஒருமுறை திறக்கும். கதவு திறந்தே இருக்க வேண்டுமெனில், கேள்வியை வகுக்கும்போதே பள்ளி உடனிருக்க வேண்டும். விடை கிடைத்தபின் அதை முதலில் கேட்கும் உரிமையும் அதற்கு வேண்டும். நம் கல்லூரிக்கு வரும் அடுத்த வினாத்தாளை நாம் மறுக்கப் போவதில்லை. ஆனால் நிரப்பும் முன் ஒன்று கேட்போம்: முடிவைச் சொல்ல எப்போது திரும்பி வருவீர்கள்?