அறிஞர் சித்திலெப்பையும் ‘முஸ்லிம் நேச’னும்

தமிழ் நாவலின் வரலாற்றை வரைந்தோர் பலரும் முகம்மது காசிம் சித்திலெப்பையின் பெயரை ஒரு முறையேனும் குறிப்பிடத் தவறுவதில்லை. 1879ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை அடுத்து, 1885ஆம் ஆண்டில் ‘அசன்பே சரித்திர’த்தை வெளியிட்டவர் அவர் என்பதே அக்குறிப்பின் சாரம். ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்னும் சிறப்பும் அந்நூலுக்கு உண்டு. இச்சிறப்பு மெய்யே எனினும், இதனாலேயே அவர்தம் வாழ்க்கையின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று எனலாம். அவர் நாவலாசிரியர் மட்டும் அல்லர். வழக்குரைஞர், இதழாசிரியர், பதிப்பாளர், பள்ளி நிறுவியவர், தம் பொருளைப் பிறர் கல்விக்கு ஈந்தவர். இவை ஒரே நோக்கத்தின் பல கிளைகள் என்பதை நிறுவுதலும், அந்நோக்கம் எப்பொழுது, எதனால் அரும்பியது என்பதைக் கால வரிசை கொண்டு ஆராய்தலும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிறப்பும் தொழிலும்

சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு சூன் திங்கள் 11ஆம் நாள் கண்டி மாநகரில் பிறந்தார். கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாகி அப்பொழுது 23 ஆண்டுகளே கடந்திருந்தன. அவர் தந்தையார் 1833ஆம் ஆண்டில் புரொக்டர் பதவி பெற்றவர். இலங்கை முஸ்லிம்களுள் அப்பதவியை முதலில் எய்தியவர் அவரே. தந்தையார் வழியிலேயே மகனாரும் சட்டம் பயின்று, 1862இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1864இல் உயர் நீதிமன்றத்திலும் வழக்குரைக்கும் தகுதி பெற்றார். அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் குடும்பச் சூழலில் அவருக்கு எளிதில் வாய்த்தன. ஆங்கிலம் தொழிலின் பொருட்டு வந்தது. தமிழ் இல்லத்து மொழி. இம்மும்மொழிப் புலமையே அவர்தம் பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று என்பது கருதத்தக்கது.

காலத்தின் நிலை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈழத்துக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தது. இதற்கு மாற்றாக யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடமும் அமைத்தார். 1880ஆம் ஆண்டில் கர்னல் ஒல்கொட் இலங்கைக்கு வந்தபின் பௌத்தர்களும் தமக்கெனப் பள்ளிகளை எழுப்பலாயினர். 1886இல் தொடங்கிய கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அம்முயற்சியின் விளைவு. முஸ்லிம்களோ, பள்ளிக்குச் சென்றால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்னும் அச்சத்தால் ஆங்கிலக் கல்வியினின்று விலகியே நின்றனர். அவ்வச்சத்தை முற்றிலும் அடிப்படையற்றது என்று தள்ளிவிடுதல் முறையன்று. ஆயினும் விலகி நின்றதன் விலை பெரிதாயிற்று: அரசுப் பணியிலும் சட்டத் துறையிலும் அச்சமூகத்தவர் மிகச் சிலராயினர். சட்டநிரூபண சபையில் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் முதன்முதல் இடம் பெற்றது 1889ஆம் ஆண்டிலேதான்.

அச்சத்தைக் கண்டித்தலால் அது நீங்காது. அச்சத்திற்கு இடமற்ற பள்ளி ஒன்று வேண்டும் என்று சித்திலெப்பை கருதினார். நாவலரிடத்துக் காணப்படும் அதே தருக்கமே இவரிடத்தும் காணப்படுதலை ஈண்டு நோக்குக. இருவரும் மிஷனரிமாரின் கருவிகளாகிய அச்சு, பள்ளி, உரைநடை ஆகிய மூன்றையும் தம் சமயத்தின் பொருட்டுக் கைக்கொண்டனர்.

‘நேச’னும் அராபி பாசாவும்

சித்திலெப்பையின் விழிப்புக்கு எகிப்தியத் தலைவர் அகமது அராபி பாசாவே காரணர் என்று கூறுவாரும் உளர். அராபி பாசா 1882ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தெல்-எல்-கபீர்ப் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்று, துணைவர் அறுவருடன் இலங்கைக்கு நாடு கடத்தப்பெற்றவர். 1883ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இரண்டாம் வாரத்தில் கொழும்பில் இறங்கிய அவர், 1901 வரை இத்தீவில் வாழ்ந்தார். அவருக்கும் சித்திலெப்பைக்கும் நெருங்கிய நட்பு இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயின், காலக் கணக்கு வேறொன்றையும் உணர்த்துகின்றது. ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழின் முதல் இதழ் வெளிவந்தது 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள். அஃதாவது, அராபி பாசா கொழும்பில் கால் வைத்ததற்கு ஏறத்தாழ மூன்று கிழமைகள் முற்பட்டு அது வெளிவந்துவிட்டது. எகிப்தியப் போரின் செய்தி 1882ஆம் ஆண்டிலேயே இலங்கையை எட்டியிருக்கும். நாடு கடத்தும் தீர்ப்பும் டிசம்பர்த் தொடக்கத்திலேயே வெளியாயிற்று. ஆதலின் அச்செய்திகள் அவர் உள்ளத்தைத் தூண்டியிருக்கக் கூடும் என ஒருவர் வினவலாம். தூண்டியிருக்கலாம். எனினும், இதழ் ஒன்றனைத் தொடங்குதற்கு அச்சு, எழுத்து, தாள், முகவர், கையொப்பக்காரர் என அமைக்க வேண்டியன பல. அவை சில கிழமைகளில் அமைவன அல்ல. எனவே, கல்வி இயக்கத்தின் வித்து கண்டியிலேயே ஊன்றப்பெற்றிருந்தது. அராபி பாசாவின் வருகை அதற்கு நீர் வார்த்தது எனக் கொள்வதே பொருத்தம். வந்தவரின் பெருமையை மிகுத்து, இருந்தவரின் உழைப்பைக் குறைத்துக் கூறுதல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று.

‘நேசன்’ கல்வியின் இன்றியமையாமையை வாரந்தோறும் எடுத்தோதியது. துருக்கி, எகிப்து முதலிய நாடுகளின் செய்திகளை ஈழத்து முஸ்லிம் வாசகர்க்கு அவர்தம் மொழியிலேயே வழங்கியது. சிங்களவர் நடுவே வாழும் வணிகர்க்கும் உழவர்க்கும் எட்டவேண்டுமாயின் அது தமிழாகவே இருத்தல் வேண்டும் என்பதை அதன் ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார். 1888ஆம் ஆண்டில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை படித்தார். அதனை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் எழுதினார். இன ஆராய்ச்சியாளர் எம்முடிபுக்கு வரினும், முஸ்லிம்களின் சமூக மறுமலர்ச்சி தமிழ் உரைநடையின் வாயிலாகவே தொடங்கிற்று என்னும் உண்மை அவ்வழக்கினால் மாறுவதன்று.

‘அசன்பே சரித்திரம்’

கைரோவில் உயர்குடியில் தோன்றிய மகவு ஒன்று கவரப்பெற்று, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவை அடைந்து, இடர் பல கடந்து கற்று, ஈற்றில் எகிப்து மீண்டு ‘பே’ என்னும் பட்டம் பெறுதலே இந்நாவலின் கதை. ஈழத்து முதல் நாவலில் ஈழத்து வாழ்வே இல்லை என்பது இதன்மேல் எழக்கூடிய குறை. நாவலைத் தனித்து நோக்கின் இக்குறை மெய்யே. இதழோடு இணைத்து நோக்கின் வேறொரு விளக்கம் கிடைக்கின்றது. கைரோ, பம்பாய், கல்கத்தா என விரியும் நிலப்பரப்பு ‘நேச’னின் வாசகர் வாரந்தோறும் செய்திகளாய்ப் பயின்ற உலகத்தை ஒத்ததே. அராபி பாசாவின் வரவுக்கு இரண்டாண்டுகளின் பின் எகிப்தியன் ஒருவனைத் தலைவனாக்கியது தற்செயல் அன்று. கல்வியாலும் நல்லொழுக்கத்தாலும் இழந்த நிலையை மீட்டுக்கொள்ளும் இளைஞன் ஒருவனைக் காட்டுதலே ஆசிரியர் வேண்டியது. தலையங்கம் அறிவுக்கு உரைத்ததனைக் கதை உள்ளத்துக்கு உரைத்தது என்க.

இந்நாவலேயன்றி அரபு கற்போர்க்கான பாடநூலும், ‘அஸ்ராருல் ஆலம்’ என்னும் தத்துவ நூலும் அவர் இயற்றினார். ‘ஞானதீபம்’ என்னும் இதழையும் நடத்தினார்.

பள்ளிகளும் ஈகையும்

இதழும் நூலும் வேண்டுகோளாய் அமைந்தன. பள்ளியோ செயலாய் அமைந்தது. சித்திலெப்பை கண்டியில் பெண்களுக்கெனப் பள்ளி திறந்து, தம் உடன்பிறந்த அம்மையாரையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். பெண்கல்வியைப் பிறர்க்கு உபதேசிக்குமுன் தம் குடும்பத்திலேயே அதற்குச் சான்று காட்டினமை குறிப்பிடத்தக்கது. நிறைந்த வருவாய் தந்த வழக்குரைஞர்த் தொழிலைக் கைவிட்டுத் தம் செல்வத்தை இப்பணிகளில் செலவிட்டார்.

கொழும்பில் புதிய சோனகத் தெருவில் தொடங்கிய பள்ளி நிலைபெறவில்லை. ஆயினும் முயற்சி தளராது, கட்டடக் கலைஞரும் செல்வருமாகிய வாப்பிச்சி மரிக்காருடன் இணைந்து 1892ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் மருதானையில் ‘அல் மத்ரசத்துஸ் ஸாகிரா’வைத் தோற்றுவித்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரின் பொருளும் ஆற்றலும் சித்திலெப்பையின் கருத்தும் ஒன்றுகூடியதன் பயனே அது. தொடக்க விழாவில் அராபி பாசாவும் இருந்தார். அப்பள்ளியே பின்னர் ஸாகிராக் கல்லூரியாய் வளர்ந்தது. டி. பி. ஜாயா 1921 முதல் 1948 வரையிலும், ஏ. எம். ஏ. அசீஸ் 1948 முதல் 1961 வரையிலும் அதன் அதிபராயிருந்து அதனைத் தலைசிறந்த நிலையமாக்கினர்.

அவ்வளர்ச்சியைக் காணச் சித்திலெப்பை இருந்திலர். 1898ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் அவர் மறைந்தார். இலங்கை அரசு 1977ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: சித்திலெப்பையின் இதழும் நாவலும் பள்ளியும் கல்வி என்னும் ஒரே நோக்கத்தின் வெளிப்பாடுகள். இரண்டு: அந்நோக்கம் அராபி பாசாவின் வருகைக்கு முற்பட்டது, அவ்வருகையால் வலுப்பெற்றது. மூன்று: ‘அசன்பே சரித்திர’த்தை ‘முஸ்லிம் நேச’னினின்று பிரித்து மதிப்பிடுதல் பொருந்தாது. இலக்கிய வரலாற்றில் அவருக்கு இதுகாறும் வழங்கப்பெற்ற இடம் நாவல் பட்டியலில் ஒரு வரி. ஈழத்து உரைநடையின் வளர்ச்சியை ஆராயும் மாணவர், நாவலரின் பிரசுரங்களோடு ‘நேச’னின் பக்கங்களையும் ஒருங்கே வைத்துக் கற்பாராயின், அவ்வரி ஓர் அதிகாரமாய் விரியும் என்பது எம் துணிபு.